பனி வரைந்த கரை: தால்சேர் முதல் குமரி வரை

நீண்ட பதிவு இது. நேரமுள்ளோர் படிக்கலாம், ஆய்வு மாணவர்கள் படித்துவிட்டு வாதிட்டால் மகிழ்வேன்.

கடலுள் மூழ்கிய குமரிக்கண்டத்தின் வரைபடம் ஆண்டுக்கு இருமுறையேனும் நம் குழுக்களில் வலம் வருகிறது. மடகாஸ்கர் தொடங்கி ஆஸ்திரேலியா வரை நீளும் ஒரு பெருநிலம். நடுவே பஃறுளியாறும் குமரியாறும். ஓரத்தில் நாற்பத்தொன்பது நாடுகளின் பட்டியல். இவ்வாண்டும் வந்தது. முனிர்காவிலும் பேர்சராயிலும் அறையெடுத்துத் தங்கிப் பயிலும் மாணவர் சிலர், "அண்ணா, இதை ஆய்வேட்டில் சான்றாகக் காட்டலாமா?" என்று கேட்டனர். காட்டக் கூடாது என்பதே விடை. ஆயினும் அவ்வளவில் பேச்சை முடித்துவிடுவது நியாயமாகாது. அந்த வரைபடம் வெறுங்கற்பனையிலிருந்து பிறந்ததன்று; பத்தொன்பதாம் நூற்றாண்டின் மெய்யான நிலவியல் ஆய்விலிருந்து, ஒருகாலத்தில் அறிஞர் பலரும் ஏற்ற கருதுகோளிலிருந்து பிறந்தது. அக்கருதுகோள் எங்ஙனம் தோன்றியது, எதனால் வீழ்ந்தது, வீழ்ந்த பின் எஞ்சுவது என்ன என்பதை அறிந்தபின் மறுப்பதே முறை.

நம் காலடியிலிருந்தே தொடங்குவோம். முனிர்காவை அடுத்த பல்கலைக்கழக வளாகத்தில் முதல் துணைவேந்தர் கோ. பார்த்தசாரதியின் பெயரால் வழங்கும் பாறைமேடு இருக்கிறது. இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரில் சுவாமிநாதன் எழுந்தருளியிருக்கும் குன்றும் அதே பாறைத்தொடரின் ஒரு முடிச்சே. 1973இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் படிகளில் ஏறுவோர், ஆரவல்லித் தொடரின் வடகோடித் துணுக்கொன்றின் மீது ஏறுகின்றனர். இப்பாறை குவார்ட்சைட் வகை. அதாவது மணற்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிப் படிகமானது. அந்த மணல், நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமற்ற கடலொன்றில் படிந்தது. பின்னர் நிலம் நெருக்குண்டு மடிந்து மலையாயிற்று. மழையும் காற்றும் அதைத் தேய்த்து இன்றைய மேடாக்கின. கட்டட மேஸ்திரிகள் 'பதர்பூர்' என்று கேட்டு வாங்கும் பருமணலும் இந்தப் பாறை உதிர்ந்த தூளே. முனிர்காவின் ஐந்துமாடிக் கட்டடங்கள் பலவற்றின் சுவருக்குள் ஒரு பழங்கடலின் கரை பூசப்பட்டிருக்கிறது என்று சொன்னால் மிகையன்று. இத்தொடர் வசீராபாத்தருகே யமுனைக் கரையில் கண்ணுக்கு மறைகிறது, ஆனால் முடிவதில்லை. கங்கைச் சமவெளியின் வண்டலுக்கடியில் அரித்துவார் நோக்கி நீண்டு, இமயத்தின் அடிவாரத்திற்கே செல்கிறது.

கடல் மலையாவதற்கு இதைவிட நெருக்கமான சான்று தமிழ் வைணவ இல்லங்களின் பூசையறையில் பன்னெடுங்காலமாக இருந்துவருகிறது. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லைத்தான் சொல்கிறேன். அதனுள் தெரியும் சக்கரம், அம்மோனைட் என்னும் அற்றுப்போன கடலுயிரியின் ஓடு பதிந்த தடம். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே விரிந்து கிடந்த தெத்திஸ் கடலின் அடித்தளச் சேறு, சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கண்டமோதலால் உயர்ந்து இமயமாயிற்று. கடலுயிரி மலைமேல் போய்த் திருச்சாளக்கிராமத்தின் தெய்வமாயிற்று. இந்தச் செய்தியை முதன்முதலில் கேட்டபோது பக்தியுள்ள என் பெரியம்மா சிறிதும் கலங்கவில்லை. "பாற்கடல்ல இருந்தவர்தானே" என்றார்.

இனி மையக் கதைக்கு வருவோம்.

1851இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை கல்கத்தாவில் அமைந்தது. கும்பினியாருக்கு வேண்டியிருந்தது நிலக்கரி. 1855இல் வந்து சேர்ந்த வில்லியம் பிளான்ஃபோர்ட், ஹென்றி பிளான்ஃபோர்ட் என்னும் உடன்பிறந்தார் இருவரும் ஒரிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதிக்கு அனுப்பப்பட்டனர். இளையவர் ஹென்றிக்கு அப்போது இருபத்தொரு வயது. அங்கே அவர்கள் கண்டது கரியைவிட வியப்பானது. நுண்மையான பச்சை வண்டற்பாறைக்குள் சிறியதும் பெரியதுமான பாறாங்கற்கள் ஒழுங்கின்றிப் புதைந்து கிடந்தன. ஓடும் நீர் கற்களைத் தரம் பிரித்தே படியவைக்கும்: விரைவுள்ள இடத்தில் பெருங்கல், தேங்கிய இடத்தில் சேறு. சேற்றையும் பாறாங்கல்லையும் ஒருங்கே சுமந்து ஓரிடத்தில் போட்டுவிட்டுச் செல்லும் ஆற்றல் பனிக்கட்டிக்கே உண்டு. வில்லியம் தியோபால்டுடன் சேர்ந்து 1856இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில், வெப்பமண்டல ஒரிசாவில் ஒருகாலத்தில் பனி செயற்பட்டிருக்க வேண்டும் என்று எழுதினர்.

அதன் துணிச்சலை இன்று உணர்வது எளிதன்று. ஐரோப்பாவில் பனியூழி என்னும் கருத்தை அகாசி முன்வைத்துச் சில பதின்மங்களே ஆகியிருந்தன. அங்கேயே பலர் அதை ஐயுற்றுக்கொண்டிருந்தனர். அவ்வேளையில், கோடையில் பாறை சுடும் ஒரிசாவில் பனி என்றால் யார் நம்புவார்? ஐயம் தீரக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1872இல் சந்திரப்பூர்ப் பகுதியில், பெண்கங்கை ஆற்றங்கரையின் இராய் என்னுமிடத்தில், ஃபெடன் மெருகேறிய பாறைத்தளத்தையும் அதன்மேல் இணைகோடுகளாகக் கீறல்களையும் கண்டார். அடியில் கற்கள் பதிந்த பனித்திரள் உப்புத்தாளைப் போல் பாறையை உராய்ந்து நகரும்போது விழும் கீறல்கள் அவை. தால்சேர்ப் படிவுகள் ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகள் பழையவை என்று இப்போது அறிவோம்.

இதே வகைக் கற்படிவுகள் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கண்டறியப்பட்டன; அவற்றின் மேல் ஒரேவகைத் தாவரத்தின், குளோசாப்டெரிசின், இலைப்பதிவுகள் கிடந்தன. கடல்கடந்த மூன்று நிலங்களில் ஒரே பனி, ஒரே இலை. இதற்கு விளக்கம் வேண்டியிருந்தது.

தால்சேரிலிருந்து ஹென்றி பிளான்ஃபோர்ட் நம் பக்கம் வந்தார் என்பது தமிழ்நாட்டில் போதிய அளவு பேசப்படாத செய்தி. தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் அலைந்து, அங்குள்ள கிரெட்டேசியக் காலப் பாறைகளை வரைபடமாக்கி, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார்; 1862இல் அறிக்கை வெளியாயிற்று. உலகத்தின் நிலவியல் நூல்களில் ஊட்டத்தூர் என்னும் சிற்றூரின் பெயர் நிலைபெற்றது அவராலேயே. அப்பாறைகளின் தொல்லுயிர்களை விரிவாக விவரித்தவர் பெர்டினான்ட் ஸ்டாலிஸ்கா. அரியலூரின் கடலோடுகளைக் கல்கத்தா மேசையில் எண்ணிய அவர், இமயத்தின் பாறைகளையும் நடந்து நடந்து ஆய்ந்தவர். 1874இல் யார்க்கண்டிலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் உயரத்தில் மூச்சுத்திணறி இறந்தார். அவருடைய கல்லறை லே நகரில் இருக்கிறது.

அரியலூர் இன்றைய கடற்கரையிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. அங்கே கடலோடுகள் எப்படி வந்தன? சுமார் பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்க்டிக்காவும் பிரியத் தொடங்கின. பிரிந்த விளிம்பே நம் கிழக்குக்கரை. துணி கிழியும்போது ஓரத்தில் சில இழைகள் தொய்வதுபோல், பிளவின் ஓரத்தில் நிலம் இறங்கிக் காவிரிப் படுகையாயிற்று. உலகின் பனி மிகக் குறைந்திருந்த வெப்பக் காலம் அது. கடல்மட்டம் மிக உயர்ந்திருந்தது. இறங்கிய நிலத்துக்குள் கடல் ஏறி வந்தது. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம், ஆற்றால் அடித்துவரப்பட்டு அக்கடலில் படிந்து புதைந்தது. 1940இல் அதை அறிவித்தவர் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த ம. சா. கிருஷ்ணன், பின்னாளில் நிலவியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநர். கல்மரத்துக்கு வேலியிட்டுப் பூங்கா அமைத்துவிட்டோம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லோ நாள்தோறும் சிமெண்டாகிறது. பிளான்ஃபோர்ட் வரைந்த வெட்டுமுகங்களைத் தேடிச் செல்லும் மாணவர், சுரங்கக் குழியில் தேங்கிய நீரைக் காண நேரிடும். இது குறித்து எனக்கு வருத்தமுண்டு. சிமெண்டே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் துறவியல்லேன். ஆனால் வகைமாதிரி வெட்டுமுகங்கள் சிலவற்றையாவது காத்திருக்கலாம்.

இந்தக் களப்பணிகளின் முடிவில், 1875இல், ஹென்றி பிளான்ஃபோர்ட் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியா, ஆப்பிரிக்கா ஆகியவற்றின் தாவரத் தொல்லுயிர்களையும் பனிச்சான்றுகளையும் ஒப்பிட்டு, இவற்றிடையே 'இந்தோ-பெருங்கடற் கண்டம்' ஒன்று இருந்து மறைந்திருக்க வேண்டும் என்றார். இதற்கு முன்பே, 1864இல், பிலிப் ஸ்கிலேட்டர் என்னும் விலங்கியலார், லெமூர் என்னும் விலங்கு மடகாஸ்கரில் மிகுந்திருப்பதையும் அதன் உறவினங்கள் இந்தியாவில் இருப்பதையும் கொண்டு 'லெமூரியா' என்று ஒரு நிலத்துக்குப் பெயரிட்டிருந்தார். கண்டங்கள் அசையா என்று அனைவரும் நம்பிய காலத்தில், கடல்கடந்த ஒப்புமைக்கு ஒரே வழிதான் இருந்தது: இடையே நிலம் இருந்தது, அது மூழ்கிவிட்டது. இவ்வறிவியல் லெமூரியா பாடநூல்கள் வழியாகத் தமிழறிஞரிடம் வந்து சேர்ந்தது. அவர்களிடம் ஏற்கெனவே கடல்கோள் மரபு இருந்தது. இறையனார் களவியல் உரை தென்மதுரையும் கபாடபுரமும் கடல்கொண்டதைச் சொல்லியது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் எழுநூற்றுக் காவதப் பரப்பையும் நாற்பத்தொன்பது நாடுகளையும் குறித்திருந்தார். இரண்டு ஓடைகளும் கலந்தன. 1981இல் மதுரையில் நிகழ்ந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றி அரசு ஆவணப்படமே திரையிடப்பட்டது. இக்கலப்பின் வரலாற்றைச் சுமதி ராமசாமி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மூழ்கிய கண்டத்தைத் தேடியவர்களை எள்ளி நகையாடாமல், இழப்புணர்வு அவர்களுக்கு என்ன பொருள் தந்தது என்று கேட்டமைக்காகவே அந்நூல் எனக்குப் பிடிக்கும்.

கண்டம் மூழ்கும் என்னும் கருத்தை வீழ்த்தியது எது? பலரும் வெகனரின் கண்ட நகர்வுக் கொள்கையைச் சொல்வர். அது பாதி உண்மை. மற்றப் பாதி, நகைமுரணாக, சென்னையில் தொடங்குகிறது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கருகே ஓர் அடிக்கோட்டை அளந்தார். மாபெரும் முக்கோண அளவீட்டின் தொடக்கம் அது. (தஞ்சைப் பெரியகோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது அவருடைய பெருங்கோணமானி 1808இல் கயிறறுந்து மோதி நசுங்கியதும், அதை அவரே பிரித்துச் சீராக்கியதும் தனிக்கதை.) அவருக்குப்பின் எவரெஸ்ட் அளவீட்டை வடக்கே நடத்திச் சென்றார். மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும் தில்லிக்கு வடக்கேயுள்ள கல்யாணாவுக்கும் இடையிலான தொலைவை நிலத்தில் அளந்தும் விண்மீன்களைக் கொண்டு கணித்தும் ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் 5.236 விகலை வேறுபாடு வந்தது. சிறிய வேறுபாடுதான், ஆனால் அளவீட்டின் துல்லியத்துக்கு அது பொறுக்கத்தக்கதன்று.

கல்கத்தாவின் தலைமைக் குருவும் கணிதவியலாருமான ஜான் பிராட் இதற்குக் காரணம் கூறினார். செங்குத்தைக் காட்டும் தூக்குக்குண்டை இமயமலை தன்பக்கம் இழுக்கிறது. கல்யாணா மலைக்கு அருகில் இருப்பதால் அங்கே இழுப்பு மிகுதி. சரி, இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று மலையின் பருமனைக் கொண்டு கணக்கிட்டார். விடை 15.885 விகலை. மலை இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கே இழுத்திருந்தது. 1855இல் இக்கணக்கு இலண்டனில் வாசிக்கப்பட்ட சில வாரங்களுக்குள் அரசு வானியலார் ஏய்ரி விளக்கம் தந்தார். (தமிழில் 'ஏரி' என்று எழுதினால் குளம்குட்டையாகிவிடும், ஆகையால் இவ்வெழுத்து.) மலைக்கு அடியில் இலேசான பாறையாலான வேர் இருக்கிறது, நீரில் மிதக்கும் கட்டைபோல், மேலே உயர்ந்திருக்கும் அளவுக்கேற்பக் கீழேயும் ஆழ்ந்திருக்கிறது. அடர்ந்த பாறை இருக்க வேண்டிய ஆழத்தில் இலேசான பாறை இருப்பதால் இழுப்புக் குறைகிறது.

இதன் உட்பொருளைக் கவனியுங்கள். கண்டங்கள் இலேசான பாறையால் ஆனவை. அடர்ந்த அடித்தளத்தின் மேல் மிதப்பவை. கடலடித் தளமோ மெல்லியது, கனமான எரிமலைப்பாறை. மிதக்கும் கட்டையைத் தானாகக் கிணற்றின் அடிக்குப் போகச் செய்ய முடியாது. முழுக்கண்டத்தைக் கடலடிக்கு இறக்கவும் முடியாது. மூழ்கிய லெமூரியாவுக்கான மறுப்பு, பிளான்ஃபோர்ட் தம் கண்டத்தை முன்மொழிவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அச்சாகி இருந்தது. அதை எவரும் அப்போது அங்ஙனம் வாசிக்கவில்லை. வெகனர் வாசித்தார். 1912இல் தொடங்கி அவர் வாதிட்டபோது, மிதக்கும் நிலம் மூழ்காது, ஆனால் நகரலாம் என்பது அவருடைய வலுவான கருவிகளுள் ஒன்று. மற்றொன்று தால்சேரின் பனி. கண்டங்களை இன்றைய இடங்களிலேயே வைத்தால் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பனிப்படலம் நிலநடுக்கோட்டின் இருபுறமும் படர்ந்திருக்க வேண்டும். இந்தியாவில் அது கடல்பக்கமிருந்து, தெற்கிலிருந்து ஏறிவந்ததாகக் காட்டும். நிலங்களைத் தென்துருவத்தைச் சுற்றிச் சேர்த்து வைத்துவிட்டால் எல்லாம் ஒரே பனிப்படலமாகிவிடும். மெட்லிகாட் சூட்டி, சூயஸ் 1885இல் பெருநிலத்துக்கு விரித்த 'கோண்டுவானா' என்னும் பெயர் நிலைத்தது. அதன் பொருள் மட்டும் மாறியது. மூழ்கிய நிலம் பிரிந்த நிலமாயிற்று.

மொரீசியசின் மணலில் தீவைவிடப் பன்மடங்கு பழைய சிர்க்கான் மணிகள் கிடைத்ததை 2013இல் ஆய்வாளர் வெளியிட்டனர். 2017இல் முந்நூறு கோடி ஆண்டு மணிகளையே காட்டினர். 'லெமூரியா கிடைத்துவிட்டது' என்று நம் செய்தித்தாள்கள் எழுதின. கிடைத்தது பிரிவின்போது இழுபட்டு மெலிந்து எரிமலைக் குழம்பின் கீழ் மறைந்த ஒரு துணுக்கு. அது இந்தியாவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிய்ந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன். அதைக் காண அப்போது மனிதர் எவருமில்லை.

ஆக, கண்டம் மூழ்கவில்லை. அப்படியானால் கரை மூழ்கவில்லையா? மூழ்கியது. இங்கேதான் பனி மறுபடியும் வருகிறது.

ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், வட அமெரிக்காவும் வட ஐரோப்பாவும் கிலோமீட்டர்க் கணக்கான தடிப்புள்ள பனியைச் சுமந்திருந்தன. அத்தனை நீரும் கடலிலிருந்து வந்தது. உலகக் கடல்மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை இன்றும் பெரும்பகுதி பதினைந்து மீட்டருக்குக் குறைவான ஆழமே உடையது. அக்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். மன்னார் வளைகுடாவின் கரை இன்னும் வெளியே இருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே இன்று மீனவர் மீன்வளத்துக்காக நாடும் வாட்ஜ் பேங்க் மேடும் நிலமாக இருந்தது. நிலவியலாளர் சு. கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி' நூலில் வாதிட்டதும் இதுவே: கண்டமில்லை, கரையின் நீட்சி உண்டு. தமிழில் இப்பொருள் குறித்து வந்த நூல்களுள் நிதானமான ஒன்று அது. நம் பாடத்திட்டங்கள் அதற்கு உரிய இடம் தரவில்லை என்பது என் கருத்து.

பனி உருகிக் கடல் ஏறியது எவ்வளவு வேகத்தில்? 120 மீட்டர் ஏற்றம் ஏறத்தாழ பதின்மூன்றாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. சராசரியாக ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சில நூற்றாண்டுகளில் அதைப்போல் நான்கு மடங்கும் ஏறியது. செங்குத்தான கரையில் இது பொருட்டன்று. ஆனால் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டரே சரியும் தட்டையான நிலத்தில், ஒரு சென்டிமீட்டர் ஏற்றம் கரையைப் பத்து மீட்டர் உள்ளே தள்ளும். அறுபது ஆண்டு வாழ்பவர் தம் வாழ்நாளில் அறுநூறு மீட்டர் நிலத்தை இழப்பார். பேரன் காலத்தில் பாட்டன் மீன் உலர்த்திய இடம் கடலுக்குள் இருக்கும். இது ஒருநாள் ஊழிப்பேரலையன்று, தலைமுறைதோறும் பின்வாங்குவது.

அந்நினைவே கடல்கோள் மரபாயிற்றா? சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வாய்மொழிக் கதைகளில் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கடலேற்றம் பதிந்திருப்பதாக நன், ரீட் ஆகியோர் 2016இல் எழுதினர். அவர்கள் கரையோரமாக இருபத்தோரிடங்களின் கதைகளைத் திரட்டி ஒப்பிட்டுள்ளனர். நம்மிடம் இருப்பது அத்தகைய தொகுப்பன்று. கடலேற்றம் பெரும்பாலும் ஓய்ந்து ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பின் எழுதப்பட்ட உரைநூல்கள். களவியல் உரை தரும் எண்களைப் பாருங்கள்: முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. மூன்றும் 370இன் மடங்குகள். முறையே பன்னிரண்டு, பத்து, ஐந்து. இது நினைவின் கணக்கன்று, அமைப்பின் கணக்கு. அதே வேளை, புயலும் ஆழிப்பேரலையும் கரையோர ஊர்களை அழித்ததை நம் மக்கள் வரலாற்றுக் காலத்திலேயே பலமுறை கண்டிருக்கின்றனர். கடல்கோள் கதைக்கு அதுவே போதிய விதை. இருபதாயிரம் ஆண்டுகளைத் துணைக்கு அழைக்கத் தேவையில்லை.

2004 டிசம்பர் 26 அதைக் கண்முன் காட்டியது. இமயத்தின் அடியில் நுழையும் அதே இந்தியத் தட்டு, கிழக்கே சுமத்திரா, அந்தமான் ஓரமாகவும் கீழிறங்குகிறது. அன்று அவ்விளிம்பு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து நழுவியது. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. கலங்கரை விளக்கின் அடிப்பகுதி நீருக்குள் போயிற்று. அந்தமானின் வடமேற்குத் தீவுகளின் கரையோ ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்து, பவளத்திட்டுகள் வெளியே வந்து மடிந்தன. ஒரே காலையில் ஒரு தீவுக்கூட்டத்தின் ஒரு முனை மூழ்கியது, மறுமுனை எழுந்தது. தமிழ்நாட்டுக் கரை அசையவில்லை. அது தட்டின் நடுப்பகுதி. அலை மட்டும் வந்தது. மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துச் சென்ற அலை கல்வெட்டுள்ள பாறைகளை வெளிக்காட்ட, தொல்லியல் துறையினர் அவ்வழியே அகழ்ந்து, பல்லவர்காலக் கோயிலின் கீழ் அதற்கும் முற்பட்ட செங்கல் முருகன் கோயிலைக் கண்டனர். அக்கோயிலும் முன்னொரு பேரலையால் அழிந்திருக்கலாம் என்பது அகழ்ந்தோரின் கருத்து.

ஹென்றி பிளான்ஃபோர்டின் கதை இன்னும் சிறிது மீதியிருக்கிறது. உடல்நலங் குன்றி 1862இல் நிலவியல் பணியை விட்ட அவர், கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கற்பித்து, 1875இல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் ஊர்களில் இன்னும் சொல்லப்படும் பெரும்பஞ்சம் அது. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல இயலுமா என்று அரசு கேட்டது. 1884இல் அவர் தந்த விடை: வசந்தத்தில் இமயத்தின் மேல் பனி மிகுந்திருந்தால், அவ்வாண்டு வறண்ட காற்று வீசும், மழை குறையும். 1886இல் முதல் அதிகாரபூர்வ முன்னறிவிப்பு வெளியாயிற்று. தால்சேரில் முப்பது கோடி ஆண்டுப் பழம்பனியைக் கண்டவர், இமயத்தின் புதுப்பனியைக் கொண்டு தஞ்சையின் விளைச்சலைக் கணிக்க முயன்றார். இத்தொடர்பு அவர் எண்ணியதைவிடச் சிக்கலானது. ஆயினும் பனிப்பரப்பு இன்றும் ஆய்வுக்குரிய காரணியாகவே இருக்கிறது.

முனிர்காவுக்கும் பனிக்கும் உள்ள நேரடித் தொடர்பும் ஒன்றுண்டு. அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் புலத்தினர் 2002 முதல் லாஹௌலின் சோட்டா சிக்ரி பனியாற்றை ஆண்டுதோறும் அளந்துவருகின்றனர். முறை எளியது: பனியில் துளையிட்டு மூங்கில் கழிகளை நடுவார்கள், அடுத்த ஆண்டு கழி எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். மேலே சேர்ந்த பனியையும் குழி தோண்டி அளந்து கழித்தால் வரவுசெலவு தெரியும். செலவே மிகுதி. சேர்ந்த ஆண்டுகளும் இடையே உண்டு. ஆனால் மொத்தத்தில் பனியாறு இளைத்துவருகிறது. அதன் நீர் சந்திரா வழியாகச் செனாபில் சேர்வது. நம் தில்லிக் குழாய்க்கு வருவதன்று.

இமயப்பனி உருகினால் சென்னை மூழ்கும் என்று மேடைகளில் சொல்லப்படுவதையும் இங்கே திருத்திக்கொள்ளலாம். கிரீன்லாந்தும் அண்டார்க்டிக்காவும் நீங்கலாக உலகின் எல்லாப் பனியாறுகளும் உருகினாலும் கடல் ஏறுவது மூன்றில் ஒரு மீட்டர் அளவே. கிரீன்லாந்து மட்டும் ஏழு மீட்டரை வைத்திருக்கிறது. மேலும், பிராட்டின் தூக்குக்குண்டை மலை இழுத்ததுபோல, பெரும்பனித்திரளும் தன்னைச் சூழ்ந்த கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகும்போது இழுப்புத் தளர்ந்து, அருகிலுள்ள கடல் தாழும். தொலைவிலுள்ள வெப்பமண்டலக் கரைகளில் சராசரிக்கும் மேலாக ஏறும். நாகப்பட்டினத்தின் கரை கிரீன்லாந்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

ஈர்ப்பு என்றதும் ஒரு கடைசிச் செய்தி. இலங்கைக்குத் தெற்கே, குமரிக்கண்ட வரைபடத்தின் ஏறக்குறைய நடுவில், கடலின் மேற்பரப்பு புவியின் சீரான நீள்வட்ட வடிவத்தைவிட நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிக ஆழ்ந்த ஈர்ப்புப் பள்ளம் அது. காரணம் கடலடியில் எந்த நிலமும் மூழ்கியதன்று. மிக ஆழத்திலுள்ள அடர்த்தி வேறுபாடே என்று பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தார் உள்ளிட்டோர் ஆய்ந்துவருகின்றனர். அடுத்த முறை வரைபடம் வரும்போது அந்தப் பள்ளமும் 'சான்றாக' ஒட்டப்பட்டு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

பிளான்ஃபோர்டின் 1862 அறிக்கை இணைய நூலகங்களில் கிடைக்கிறது. ஊட்டத்தூர்ப் பக்கம் களப்பயணம் போக எண்ணுவோர் வரைபடத்தை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். குழிகளாகிவிட்ட இடங்களைக் குறித்துவந்து இங்கே பின்னூட்டத்தில் சேர்த்தால், பட்டியலை நான் தொகுத்து வைக்கிறேன்.